சுண்டெலிக்கு ஈடான சாப்பாடு

நம் ஊரில் முன்பெல்லாம் பூனைக்கு என்று யாரும் தனியாக உலை வைத்ததில்லை. பால் சோறு, மீந்த தயிர் சோறு, மீன் வாங்கும் நாளில் தலையும் குடலும், அவ்வளவுதான். “அந்தப் பூனைங்க எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?” என்று என் பெரியம்மா இன்றைக்கும் கேட்பார். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அதற்குக் காரணம் பால் சோறு இல்லை. இரவெல்லாம் ஓட்டின் மேலும் வைக்கோல் போரிலும் சுற்றி, எலி, ஓணான், பல்லி, குருவி, வெட்டுக்கிளி என்று தன் உண்மையான சாப்பாட்டை அவை தாமே தேடிக்கொண்டன. வீட்டில் நாம் போட்டது நொறுக்குத்தீனி. இன்று மூன்றாவது மாடியில், பால்கனிக்கு வலை அடித்து வளர்க்கும் பூனைக்கு அந்த வழி கிடையாது. நாம் தட்டில் வைப்பதுதான் அதற்கு எலி, குருவி எல்லாமே. வயிறு ஒத்துக்கொள்ளாத பூனை என்றால் நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பவன் செவலை. நிறத்தை வைத்தே வந்த பெயர். கைக்குள் அடங்கும் குட்டியாக வந்து நாலு கிலோ கடுவனாக வளர்ந்துவிட்டான். வயிறு மட்டும் தேறவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் மலம் கூழாகப் போகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுப்பான். வாந்திக்கு முன்னால் பூனையின் வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து ஒரு சத்தம் எழும்புமே, பூனை வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். எந்த ஆழ்ந்த தூக்கத்திலும் அது நம்மை எழுப்பிவிடும்.

பூனைக்கு வயிறு சரியில்லை என்றதும் பலர் உடனே கோழி வாங்கி வேகவைக்கிறார்கள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது. உருண்டைப்புழு இருக்கலாம். ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் கிருமி இருக்கலாம். இது எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது என்பதால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுக்கச் சொல்வார்கள். தடுப்பூசி போடாத குட்டி என்றால் பான்லூக்கோபீனியா என்ற கொடிய வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். பத்து வயது தாண்டிய பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே வாந்தி எடுத்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். கணைய வீக்கம், நாள்பட்ட குடல் அழற்சி, சில பூனைகளுக்குக் குடல் புற்று என்று பட்டியல் நீளும். இவற்றில் எதையும் வேகவைத்த கறி குணப்படுத்தாது. தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியாத சென்னைக்காரர்களுக்கு, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

இரண்டு விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆண்பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுவார்கள். அது சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். இன்னொன்று, பட்டினி. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நாயைப் போலப் பூனையைப் பட்டினி போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டான பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணும் காதும் மஞ்சளாகும் நிலைக்குப் போனால் மீட்பது கஷ்டம். அப்புறம் நம் மாத்திரை டப்பாவை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பாராசிட்டமால் அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

செவலைக்குப் புழு இல்லை, ஜியார்டியா இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாகத்தான் இருந்தது. உணவுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். அங்கிருந்துதான் அடுப்படி வேலை தொடங்கியது.

சமைப்பதற்கு முன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பூனை இயற்கையில் சாப்பிடுவது சுண்டெலி. ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி. ஒரு பூனை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து எலியாவது பிடித்தாக வேண்டும். அதாவது பகலும் இரவுமாகச் சின்னச் சின்னதாகப் பத்து வேளை. அதுவும் எலியின் சதையை மட்டும் அது தின்பதில்லை. எலும்பு, இதயம், ஈரல், மூளை, ரத்தம், சில சமயம் தோலும் மயிரும்கூட உள்ளே போகின்றன. அந்த ஒரு பிராணிக்குள் பூனைக்கு வேண்டியதெல்லாம் அளவோடு இருக்கிறது. நாம் கடையில் வாங்குவது எலும்பு எடுத்த சதை. அதை மட்டும் வேகவைத்துப் போட்டால், எலியில் பாதியைத்தான் கொடுக்கிறோம். மீதிப் பாதியை வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்த்தால்தான் அது சாப்பாடு.

கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் எலும்பில்லாத கோழித்தொடைக் கறியில் பாஸ்பரஸ் 180 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். கால்சியம் 10 மில்லிகிராம்தான். பூனைக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக, கால்சியம் ஒரு படி கூடவே வேண்டும். சதை மட்டுமே தின்னும் பூனையின் உடம்பு, ரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்டத் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். வளரும் குட்டிகளுக்கு இது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். சோபாவிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் முறிந்தது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். விசாரித்தால், பாசத்தோடு தினம் வெறும் கோழிக்கறி ஊட்டி வளர்த்த குட்டியாக இருக்கும்.

அடுத்தது டாரின் என்ற சத்து. நம் உடம்பு இதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதுமான அளவு செய்ய முடியாது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளுக்கு விழித்திரை கெட்டுக் கண் போவதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் கடைத் தீவனங்களில் டாரின் போதவில்லை. இதயம் பலூனாக வீங்கி, சுவர் மெலிந்து, பூனைகள் செத்துக்கொண்டிருந்தன. 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பியான் என்ற கால்நடை இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும், அந்த நோய்க்குக் காரணம் டாரின் குறைவுதான் என்று நிரூபித்தார்கள். டாரின் கொடுத்ததும் வீங்கிய இதயங்கள் மீண்டன. அதன் பிறகே தீவனக் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. இன்று எந்தப் பூனைத் தீவனப் பையைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் பெயர் இருக்கும். எத்தனையோ பூனைகள் செத்த பிறகு அச்சான பெயர் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

டாரின் அதிகம் இருப்பது ஓயாமல் வேலை செய்யும் தசைகளில். இதயத்தில் நிறைய. கோழியின் வெள்ளை நெஞ்சுக்கறியைவிடக் கறுத்த தொடைக்கறியில் பல மடங்கு. இன்னொரு குணமும் இதற்கு உண்டு, தண்ணீரில் கரைந்துவிடும். கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் டாரினும் சிங்க்கில் போய்விடும். வேகவைத்த சாறோடுதான் வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வைட்டமின் ஏ கதையும் இப்படித்தான். கேரட்டிலும் பரங்கிக்காயிலும் உள்ள மஞ்சள் சத்தை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் முடியாது. அதற்கு ஈரலிலிருந்து நேராகக் கிடைக்க வேண்டும். அதற்காக ஈரலை அள்ளிப் போட்டாலும் ஆபத்துதான். தினம் ஈரல் தின்றே வளர்ந்த பூனைகளுக்குக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போனது உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு இணையத்தில் ஒரு நல்ல சமையல் குறிப்பைத் தேடினால் போதுமே என்று தோன்றும். அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தினர், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பூனைச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசி 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பூனைக்குத் தேவையான எல்லாச் சத்தும் உரிய அளவில் இருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவை ஓரளவு தேவலாம், அவற்றிலும் குறை இருந்தது. அதனால் இங்கே நான் சொல்வதையும் அப்படியே மாதக்கணக்கில் பின்பற்றும் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிறு கெட்ட பூனைக்கு இரண்டு மூன்று நாள் வெறும் கறியும் சாறும் கொடுத்தால் குறை ஒன்றும் வந்துவிடாது. அதைத் தாண்டினால் உங்கள் பூனையின் எடை, வயது, நோய் பார்த்து டாக்டர் எழுதித்தரும் சத்துப்பொடி இல்லாமல் நடத்தக் கூடாது.

சைவ வீட்டுக்காரர்கள் சிலர் என்னிடம் தயக்கத்தோடு கேட்டிருக்கிறார்கள், பருப்பும் பன்னீரும் கொடுத்துச் சமாளிக்கலாமா என்று. அவர்களுடைய நெருடல் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் செடிகொடிகளில் டாரின் கிடையாது, பூனைக்கு வேண்டிய வைட்டமின் ஏவும் கிடையாது. பூனை ஊன் தின்றே வாழப் பிறந்த பிராணி. வீட்டு அடுப்பில் கறி ஏற்ற மனம் வராதவர்கள், சத்து முழுமையாக உள்ள கடைத் தீவனத்தை வாங்கி வைப்பதே பூனைக்கு அவர்கள் செய்யும் நியாயம்.

சரி, செவலைக்கு வருவோம். டாக்டர் ரொம்பத் தெளிவாகச் சொன்னார்: “இதுவரைக்கும் அவன் சாப்பிடாத ஒரே ஒரு கறி. வேற எதுவும் வாயில படக் கூடாது. எட்டு வாரம். உங்களால முடியுமா?” பூனைகளுக்கு ஒவ்வாமை உண்டாக்குவதில் முதல் மூன்று இடம் மாட்டிறைச்சி, மீன், கோழி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் தீவனங்களில் பெரும்பாலும் கோழியும் கடல்மீனும்தான். மீன் படம் போட்ட பையிலும் பொடி எழுத்தில் கோழி இருக்கும். இரண்டையும் செவலை குட்டியிலிருந்தே தின்றவன். மீதி இருந்தவை காடை, வாத்து, முயல், ஆடு. மேல்நாட்டுப் பூனைக்கு முயல் எப்படியோ, நம் பூனைகளுக்கு ஆட்டுக்கறி அப்படி. நாம் தின்போமே தவிர பூனைக்கு வைப்பதில்லை, தீவனத்திலும் அதிகம் வராது. விலை கட்டுப்படியாகாதவர்களுக்குக் காடை நல்ல வழி. என்ன, ஊசி ஊசியான எலும்பை ஒவ்வொன்றாக எடுக்கப் பொறுமை வேண்டும். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த மருத்துவத் தீவனமும் டாக்டர்களிடம் கிடைக்கிறது. செவலை அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆட்டுக்கறி என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து வாரநாள் காலையில் கறிக்கடைக்குப் போவேன். பாய்க்கு விஷயம் தெரியும். “தொடையில கொடுக்கறேன்மா, சவ்வு இருக்காது. சுவரொட்டி வைக்கவா?” என்பார். “வேண்டாம் பாய். இதயமும் துளி ஈரலும் போதும்.” சுவரொட்டி என்கிற மண்ணீரல் நமக்கு நல்லதாக இருக்கலாம். பூனையின் வயிற்றில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடுகிறபோது பொருளைக் கூட்டக் கூடாது. கொத்துக்கறியாகப் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்பார். அதே எந்திரத்தில் சற்று முன்தான் கோழி அரைபட்டிருக்கும் என்பதால் முழுத்துண்டாகவே வாங்கி வந்துவிடுவேன்.

வீட்டில் இதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிப் பலகை. நம் கரண்டியில் ஒட்டியிருக்கும் வெங்காயத்துக்காகத்தான் இந்தக் கெடுபிடி. அரைக்கிலோ தொடைக்கறியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்குவேன். ஆட்டின் தொடை மெலிந்த கறி. அதில் தெரியும் கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் சுத்தமாக வெட்டி எறிய வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதயத்தைப் பிளந்து உள்ளே உறைந்த ரத்தத்தைக் கழுவி அதையும் நறுக்கிச் சேர்ப்பேன். ஈரல் 20 கிராம், தராசில் நிறுத்து. கறி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சின்னத் தீயில் வேகவிட வேண்டும். உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி எதுவும் கிடையாது. நம் கை தன்னாலே மஞ்சள் டப்பாவைத் தேடும், அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கறி விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, நார்நாராகப் பிய்ப்பேன். மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றினால் போதும், பசையாக்கக் கூடாது. வெந்த சாற்றை முழுக்க அதிலேயே ஊற்றிப் பிசைவேன். கை சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் பொடிகள். கால்சியம் கார்பனேட், டாரின், வைட்டமின் பி, இ, துத்தநாகம் எல்லாம் கலந்து டாக்டர் எழுதித் தந்தவை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாத்திரைக் கூட்டின் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, அதனால் கூட்டை உடைத்துப் பொடியை மட்டும் போட வேண்டும். வாசனை ஊட்டிய பூச்சி மருந்துகூட அந்த எட்டு வாரத்தில் கூடாது.

சோதனைக்காலம் முடிந்த பிறகு கால்சியத்துக்கு முட்டை ஓட்டுக்கு மாறினேன். ஓட்டை நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, உள்சவ்வை உரித்து, வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் முகப்பவுடர் பதத்துக்கு அரைத்து, மஸ்லின் துணியில் சலிக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. அரைக்கிலோ எலும்பில்லாத கறிக்கு இந்தப் பொடி 3 கிராம். அதில் கால்சியம் ஆயிரம் மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், கறியிலுள்ள பாஸ்பரஸுக்குச் சரியாக ஈடாகும். முட்டை ஓட்டில் பாஸ்பரஸ் மிகக் குறைவு என்பதுதான் இதன் அருமை. எலும்புப்பொடியில் அது நிறைய உண்டு. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு டாக்டர் தனியாகத்தான் போட்டுத் தர வேண்டும்.

எதைப் போடக் கூடாது என்பதிலும் நம் சமையலறை கொஞ்சம் அபாயமானது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுவிடும். சமைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. குழம்பில் கிடந்த மீனையும் பிரியாணிக் கறியையும் தண்ணீரில் அலசிக் கொடுத்தால் காரம்தான் போகும், வெங்காயச் சாறு சதைக்குள் ஊறியே இருக்கும். கடையில் விற்கும் சூப் கட்டியிலும் வெங்காயப் பொடியும் உப்பும் உண்டு.

பால் விஷயத்தில் பெரியம்மாவை நான் இன்னும் சம்மதிக்க வைத்தபாடில்லை. தாய்ப்பால் மறந்த பிறகு பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. வயிறு சரியில்லாத பூனைக்குப் பால் ஊற்றுவது பேதிக்குப் பேதி சேர்ப்பதுதான். சோறு ஒரு ஸ்பூன் குழைத்துச் சேர்த்தால் கெடுதல் இல்லை, வயிறு நிரம்பும். ஆனால் பூனைக்கு அது தேவையும் இல்லை. அதன் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதியே கிடையாது. மலம் இறுகவோ இளகவோ நார்ச்சத்து வேண்டுமென்றால், தோல் சீவி வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன் போதும்.

மீன் பற்றி ஒரு வார்த்தை. பச்சை மீன் பலவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினம் பச்சை மத்தி தின்னும் பூனைக்குக் கழுத்து தொங்கி, தள்ளாடி, வலிப்பு வரலாம். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். வெந்த மீனையே தினமும் போட்டாலும் வைட்டமின் இ குறைந்து உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும். ஒத்துக்கொள்ளும் பூனைக்கு வாரம் ஒரு நாள் முள் எடுத்த மத்தி நல்லது, தினமும் கூடாது.

பச்சைக் கறிதான் இயற்கை என்று சொல்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. எலி உயிரோடு பிடிபட்ட நொடியில் தின்னப்படுகிறது. நம் கறி வெட்டுப்பலகை, ஈ, வெயில் எல்லாம் தாண்டி வருகிறது. சால்மொனெல்லா என்ற கிருமி ஒரு பக்கம். 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் இறந்தன. தின்ற கறி வழியாக வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. புலிக்கே அந்தக் கதி. வயிறு நொந்த வீட்டுப் பூனைக்குக் கறியை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெந்த எலும்பை மட்டும் கொடுக்காதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதோடு கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு நாளைக்கு 200 கலோரியை ஒட்டி வேண்டும். வெந்த ஆட்டுத்தொடையில் அது 150 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதை இரண்டு வேளையாகக் குவித்து வைக்காமல் ஐந்து வேளையாகப் பிரித்து வைத்ததிலேயே செவலையின் வாந்தி பாதி குறைந்தது. சுண்டெலிக் கணக்கு இங்கே நேராக உதவியது.

மூன்று நாளைக்கானது ஃபிரிட்ஜில், மீதியெல்லாம் ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைநிலையில். எடுத்த கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குவேன். பிடித்த எலியின் உடம்புச் சூடு, அதாவது 38 டிகிரி பக்கம் இருந்தால்தான் வாசம் எழும்பும். பூனைக்கு இனிப்பை உணரும் நாக்கே கிடையாது, அதற்குரிய மரபணு செயலிழந்து போயிருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். அது சாப்பாட்டை முடிவு செய்வது மூக்கால். ஜில்லென்ற கறியைத் திரும்பிப் பார்க்காத செவலை, வெதுவெதுப்பான கிண்ணத்துக்குக் காலைச் சுற்றிச் சுற்றி வருவான். சென்னை வெயிலில் கிண்ணத்தை அரைமணிக்கு மேல் வெளியே விடுவதில்லை, மிஞ்சியதைக் கொட்டிவிடுவேன். சாறு கலந்த சாப்பாட்டில் தண்ணீரும் சேர்ந்தே போகிறது. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சம், தாகம் எடுத்துக் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. இளகிப் போகும் வயிற்றுக்கு இந்தத் தண்ணீர் பெரிய துணை.

மலத்தைப் பார்க்கக் கூச்சப்படக் கூடாது. டாக்டர்கள் 1 முதல் 7 வரை எண் போட்டு ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள். 1 என்றால் உலர்ந்த உருண்டை, 7 என்றால் தண்ணீர். 2, 3இல் நின்றால் நல்லது. உருவம் இருக்க வேண்டும், எடுத்தால் மணலில் தடம் விடக் கூடாது. தேதி போட்டு எண்ணை எழுதி வைத்தால், நம் பயமும் நம்பிக்கையும் கலக்காத ஒரு கணக்கு கையில் இருக்கும்.

செவலையின் எண் முதல் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கி நல்ல அளவிலேயே நின்றது. எட்டு வாரம் முடிந்ததும் பழைய பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பூனை தேறிவிட்டதே போதும் என்று. இதைச் செய்யாவிட்டால் குற்றவாளி யார் என்பது தெரியாமலே போய்விடும், பூனையும் காரணமில்லாமல் ஆயுசுக்கும் ஆட்டுக்கறியிலேயே நிற்கும். முதலில் கோழி. இரண்டு வாரம் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வேகவைத்த சங்கரா மீன், துளியளவு. மறுநாளே பழைய கூழ். மீனை நிறுத்தினோம், அடங்கியது. பூனை என்றாலே மீன் என்று நாம் நினைத்திருக்க, இவனுக்கு ஆகாதது அந்த மீன்தான்.

இப்போது அவனுக்குக் கோழித்தொடைதான் அடிப்படை. கோழியின் இதயமும் துளி ஈரலும் சேர்த்து, அதே பொடிகளோடு. பயணம் போகும் நாட்களுக்கு மீன் கலக்காத, சத்து முழுமையான ஒரு கடைத் தீவனத்தையும் பழக்கி வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையும் ரத்தமும் பார்க்கிறார்கள். குடல் ரொம்ப நாள் கெட்டிருந்த பூனைகளுக்கு வைட்டமின் பி12 உறிஞ்சப்படாமல் குறைந்துவிடும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் ஊசியாகப் போடுவார்கள், அதற்குப் பிறகு சாப்பாடு உடம்பில் ஒட்டும்.

இத்தனையும் செய்ய நேரமில்லை, ஆனாலும் என் கையால் ஏதாவது கொடுக்க ஆசை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், சத்துக்கணக்கு எதுவும் பார்க்காமல் நம் சமையலைக் கொடுக்கலாம், மீதியை முழுமையான தீவனம் பார்த்துக்கொள்ளும். நாலு கிலோ பூனைக்கு அது 20 கலோரி. உப்பில்லாமல் வேகவைத்த கோழித்தொடை என்றால் 10 கிராம், இரண்டு ஸ்பூன் சாறோடு, வெதுவெதுப்பாக. வயிறு இளகிய பூனை என்றால் கோழி அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு கொடுங்கள்.